ரெண்டு ஸ்க்ரூ

2025 தை மாசம் மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கினோம். நான், அப்பா, சித்தப்பா பையன் என்று மூன்று பேராகப் போனோம். பணம் என்னுடையது. மெஷின் தம்பிக்கு. அப்பா ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார். அந்தக் கேள்வியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த இன்னொரு மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். ஒரு வயல் புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம் என்று கலந்து கிடக்கிற பகுதி. பெட்ரோல் போட மட்டும் எல்லோரும் எங்கள் பக்கம் வருவார்கள். 2011 டிசம்பர் 30, விடிகிற நேரத்தில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எனக்கு ஞாபகம் இருப்பது வெளிச்சம்தான். காற்று ஓய்ந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒருநாளும் விழாத வெயில் விழுந்துகிடந்தது. எதிர்வீட்டுப் புளியமரம் இல்லை.

அப்பா மரம் வெட்டுகிறவர். நாலு பேர் கொண்ட செட். கோடாலி, ரெண்டு ஆள் இழுக்கிற ரம்பம், கயிறு. பெரும்பாலும் சவுக்குத் தோப்பு, அவ்வப்போது வீடு கட்டுகிறவர்கள் கூப்பிட்டு வேம்போ பூவரசோ. புயலுக்கு அப்புறம் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஊரே அழுதுகொண்டிருக்க எங்கள் வீட்டில் மட்டும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் ஏக்கர் ஏக்கராக சாய்ந்து கிடந்தன. ஆனால் அந்த வேலை அப்பாவின் செட்டுக்கு வரவில்லை. வெளியூரிலிருந்து மெஷினோடு ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். நாலு பேர் ஒரு நாள் முழுக்கப் போராடுகிற பலாவை அவர்கள் ஒரு மணி நேரத்தில் துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி, கிளையும் வேரும்.

பொங்கல் முடிந்ததும் அம்மாவின் தோட்டை அடகு வைத்து 13,000 ரூபாய்க்கு ஒரு செயின் சா வாங்கினார். எந்தக் கடை, என்ன கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்து, "பெட்ரோல்ல டூ-டி ஆயில் கலந்து ஊத்துங்க, கயித்த இழுங்க, ஓடும்" என்றார்களாம். மொத்தம் அஞ்சு நிமிஷம். டிவிஎஸ் 50 வண்டியின் முன்னால் பெட்டியை வைத்து இரண்டு காலாலும் அணைத்தபடி ஓட்டிக்கொண்டு வந்தார். டிவிஎஸ் ஓட்டியவர் என்பதால் டூ-டி ஆயில் அவருக்குத் தெரியும். அந்த மெஷினில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

முதல் நாள் செயினைத் திருப்பி மாட்டிவிட்டார். பல் எல்லாம் பின்பக்கம் பார்த்து நின்றது. மெஷின் கத்துகிறது, கட்டையிலிருந்து புகை வருகிறது, ஆனால் அறுபடவில்லை. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கடைசித் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர் இருந்தார், பழைய சொல்தா. அவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, செயினைக் கழற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தார். "இத ஓட்டிக் காட்டாமயா குடுத்தான்?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பல்பு வாங்கினால் எரியவைத்துக் காட்டுவார்கள், மிக்ஸி வாங்கினால் ஓட்டிக் காட்டுவார்கள். அரை நிமிஷத்தில் காலை எடுத்துவிடக்கூடிய ஒன்றை ஏன் பெட்டியோடு கொடுத்து அனுப்பினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் பிடித்தது.

மூன்றாம் நாள் வேறு பிரச்சனை. இன்ஜின் ஓடுகிறது, செயின் சுற்றவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறுமுகிறது, கருகல் வாடை வருகிறது, செயின் அசையவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைப் பையன் பார்த்தான். முன்னால் கைப்பிடிக்கு எதிரே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை ஆட்டிப் பார்த்தான். "இதாங்க தொல்ல, சும்மா சும்மா புடிச்சிக்கும்" என்று சொல்லி ரெண்டு ஸ்க்ரூவைத் திருகி அதைக் கழற்றிப் பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் போட்டான். மெஷின் ஓடியது. காசுகூட வாங்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து அந்தப் பையனைப் புகழ்ந்தார். "ரெண்டே ஸ்க்ரூ. இன்னா மூள பாரேன்."

அந்தத் தடுப்புக்கு செயின் பிரேக் என்று பெயர். பாரின் நுனியில் மேல் பாதி எதன்மீதாவது பட்டால், ஓடுகிற செயின் அதைக் கவ்விக்கொண்டு மொத்த மெஷினையும் நம் முகத்தை நோக்கி எகிற வைக்கும். யோசிக்கவே நேரமிருக்காது. எகிறும்போது முன்கையின் மணிக்கட்டு அந்தத் தடுப்பில் இடிக்கும். தடுப்பு முன்னால் சாயும், உள்ளே ஒரு இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும், செயின் நின்றுவிடும். பிடி வழுக்கினால் கை நேராகச் செயின்மேல் போய்விடாமல் மறிப்பதும் அதே தடுப்புதான். ஐரோப்பாவில் பெரிய கம்பெனிகள் இதை 1970களின் தொடக்கத்திலேயே மெஷின்களில் கொண்டுவந்துவிட்டன. நாற்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. மூன்று நாள் இருந்தது.

மாசி மாதம், பண்ருட்டி பக்கம் ஒரு பலா. சாய்ந்த மரத்துக்கு அடியில் இன்னொரு கிளை மறைந்திருக்கிறது. பாரின் நுனி அதில் பட்டிருக்கிறது. மெஷின் எகிறியது, இடது கை வழுக்கியது. முகம் தப்பியது. புறங்கையில் நரம்பு அறுந்து, தையல் போட்டு, மூன்று மாதம் கட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. டீ கிளாஸ் பிடிக்கலாம். கோடாலி பிடிக்க முடியாது.

அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. "எனுக்கு ஓட்டத் தெரில" என்றார். அந்த மெஷினை 4,000 ரூபாய்க்கு யாருக்கோ விற்றார். தடுப்பு இல்லாமல்தான் விற்றார். அது யார் கைக்குப் போனது என்று நான் எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். முடித்து காமராஜர் சாலையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். மஞ்சள் பிடித்த ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. அந்த மெஷினோடு வந்த கையேடு. இங்கிலீஷில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் படம்: ஒரு கை, அந்தத் தடுப்பு, முன்னும் பின்னுமாக ரெண்டு அம்புக்குறி. கீழே ஒரு கட்டம் கட்டி, இதை ஒருபோதும் கழற்றாதீர்கள். 2012-ல் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பப்ளிக் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகம் பெட்டிக்குள் இருந்ததை நான் பார்த்தேன். வழவழப்பான தாளாக இருக்கிறதே என்று தொட்டும் பார்த்தேன். படிக்கவில்லை. இதை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. தண்ணீர்தான் பெரிய பாதிப்பு என்றாலும் ஊறிய மண்ணில் மரங்களும் சாய்ந்தன. சித்தப்பா பையன் ஐ.டி.ஐ. முடித்துச் சும்மா இருந்தவன், ஒரு செட்டோடு மரம் அப்புறப்படுத்தும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஒரு மாதத்தில் சொந்த மெஷின் வேண்டும் என்றான். போனில் காட்டினான்: 58 சிசி, 22 இன்ச் பார், ஏழாயிரத்துக்குள், மூன்று நாளில் வீட்டுக்கே வரும். ஐந்துக்கு நாலரை ஸ்டார். "ரிவ்யூ படிக்கா, சூப்பர்னு போட்டுருக்கான்." படித்தேன். பாதிப் பேர் பெட்டியைத் திறந்த அன்றே எழுதியிருந்தார்கள்.

நான் கடையில்தான் வாங்குவேன் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

முதல் கடையில் எல்லாம் பளபளவென்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. விலை, டிஸ்கவுன்ட், கூட ஒரு ஆயில் டப்பா இலவசம். தம்பி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். அப்பா ஒரு மெஷினின் தடுப்பைத் தொட்டு, "இத கயட்டிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது. நெறைய பேரு கயட்டிட்டுதான் ஓட்றாங்க. வேணும்னா இப்பவே கயட்டித் தரேன்."

அப்பா வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது கடை நெல்லித்தோப்பு பக்கம், ஒரு ஷட்டர் அகலம். முன்னால் விற்பனை, பின்னால் பட்டறை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பழைய மெஷின்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. விற்றதைத் திரும்பக் கையில் வாங்குகிற ஆள். ஒரு காலத்தில் பாண்டியில் வாங்கினால் எல்லாமே மலிவு என்று வெளியூரிலிருந்து வருவார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிந்தது. இப்போது ஒரே மெஷினை எங்கே வாங்கினாலும் ஆயிரம் ஐந்நூறுதான் வித்தியாசம். ஒரு கடைக்காரர் நமக்குத் தர மிச்சமிருப்பது அவருடைய நேரம் மட்டும்தான்.

ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. நாங்கள் விலை கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் எங்களைக் கேட்டார். என்ன மரம்? சொந்தத் தோப்புக்கா, கூலி வேலைக்கா? யார் பிடிக்கப் போறது?

கூலி வேலை என்று சொல்ல தம்பி தயங்கினான். வாரன்டி குறைந்துவிடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். உண்மைதான், வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலம், தொழிலுக்கு அதைவிடக் குறைவான காலம் என்று அந்த அட்டையிலேயே போட்டிருந்தது. "பொய் சொல்லி எழுதிக்கலாம்பா. ஆனா மூணாம் மாசம் மெஷின் இங்க வரும்போது பாரப் பாத்தாலே எனக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்கும் தெரியும்" என்றார். உண்மையைச் சொன்னோம். சவுக்கு, வேம்பு, சாய்ந்த தென்னை. 22 இன்ச் வேண்டாம், 18 போதும் என்றார். நீளமான பாருக்கு ஏற்ற சக்தி இன்ஜினில் இல்லையென்றால் செயின் இழுக்கும், ஆள் அழுத்துவான், நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தம்பியின் முகம் விழுந்தது. பெரிய பார்தான் அவனுக்கு மீசை மாதிரி.

அப்பா கேட்டார். "இத கயட்டிட்டா இன்னா ஆவும்?"

கடைக்காரர் தடுப்பைப் பார்க்கவில்லை, அப்பாவின் இடது கையைப் பார்த்தார். "எப்பங்க ஆச்சு?"

"தானேல."

"வாரத்துக்கு ஒருத்தராவது கயட்டிக் குடுன்னு வராங்க. நான் மாட்டேன். கயட்டணும்னா வேற கடையில வாங்கிக்கோங்க." சத்தமாகச் சொல்லவில்லை. மெஷினை எடுத்துத் தரையில் வைத்தார். பெட்ரோல் டேங்கைத் திறந்து கலந்து வைத்திருந்ததை ஊற்றினார், இன்னொரு டேங்கில் செயின் ஆயில். பின்கைப்பிடிக்குள் காலை வைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தார். செயின் ஓடும்போது தடுப்பை முன்னால் தள்ளினார். நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செயின் அசையவில்லை.

அப்பா குனிந்தார். "இதேதான். இப்பிடித்தான் நின்னுச்சு."

"நின்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு அவர் தடுப்பைத் தன் பக்கம் இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். செயின் ஓடியது.

அவ்வளவுதான். 2012-ல் மூன்றாம் நாள் அந்த மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. தூக்கும்போதோ வைக்கும்போதோ எங்கேயோ இடித்துத் தடுப்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறது. பின்னால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும்.

இன்ஜினை அணைத்த பிறகு அப்பா உட்கார்ந்து அதைத் தள்ளினார், இழுத்தார். டக். மறுபடி தள்ளினார், இழுத்தார். மடங்காத இரண்டு விரலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "இவ்ளோதானா" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கடைக்காரர் உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தோம். பட்டறைக்குப் பின்னால் ஒரு வேப்பங்கட்டை, இதற்கென்றே போட்டு வைத்திருக்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்த மெஷினுக்கு 20 மில்லி ஆயில். கண்ணளவு கூடாது, அளவுக் குப்பிதான். இந்த இன்ஜினுக்கு என்று தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலந்து போவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகிறது, அது குறைந்தால் சில நிமிஷத்திலேயே பிஸ்டனில் கோடு விழும். பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதம் வரை கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும், அதனால் ரெண்டு வாரத்துக்கு மேல் வேலையில்லை என்றால் டேங்கைக் காலி பண்ணி, தானாக அணையும்வரை ஓடவிட்டு வை. செயினுக்கு ஆயில் வருகிறதா என்று பார்க்க, ஒரு அட்டையை வைத்து அதற்கு மேலே நுனியைப் பிடித்து முறுக்கு. அட்டையில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் அறுக்காதே. புதுச் செயின் முதல் நாளே நீளும், அன்றைக்கே ரெண்டு மூன்று தடவை இறுக்கு. கையால் இழுத்தால் சுற்றணும், பாருக்கு அடியில் தொங்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டால் செயின் நிற்கணும், நிற்கவில்லை என்றால் என்னிடம் எடுத்து வா, நீயே திருகாதே.

அரம் போடுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். செயினில் ஒரு பல் இடது, அடுத்தது வலது. ஒரு பக்கத்துப் பல்லை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் வரணும், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. இல்லையென்றால் வெட்டு வளையும். இந்த இடது வலது பல்லை யோசித்தவர் அமெரிக்காவில் ஒரேகான் பகுதியில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ் என்பவர். 1946-ல் ஒரு மரப்புழு, கட்டையை இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டி ஆட்டிக் குடைந்துகொண்டு போவதைப் பார்த்துத் தோன்றியதாம். பிற்பாடு நான் இதைத் தேடிப் படித்துச் சொன்னபோது அப்பா, "பூச்சி பண்றத நாம எவ்ளோ நாளா பாத்துக்கினு இருக்கோம்" என்றார்.

தென்னை அறுத்தால் பல் சீக்கிரம் மழுங்கும், அரம் எப்போதும் பையில் இருக்கணும் என்றார். கடைசியாக பில்லின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: .325, கண்ணி 72. செயின் வாங்கப் போகும்போது 18 இன்ச் என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். பல்லின் இடைவெளி, பாரின் பள்ளத்து அகலம், கண்ணி எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அவரைப் பெரிய மகான் ஆக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. அவர் கம்பெனி ஆயிலைத்தான் வாங்கணும் என்று அழுத்திச் சொன்னார், விலை அதிகம். வலைமுகப்பு வைத்த ஹெல்மெட் ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார், இருபது நாள் ஆனது. செயின் பட்டால் நார் நாராகப் பிரிந்து பல்லில் சிக்கி மெஷினை நிறுத்திவிடுகிற கால்சட்டை ஒன்று உண்டு. அதைக் கேட்டேன். "இந்த வெயில்ல யாரும்மா போடுவா, நான் வாங்கி வெக்கறதே இல்ல" என்றார். ஜெர்மனியில் அரசுக் காட்டில் போய் விறகு அறுத்துக்கொள்ளவே பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். பிலிப்பைன்ஸில் 2002-லிருந்து செயின் சா விற்கவும் வைத்திருக்கவும் தனிச் சட்டம். அங்கே அது காட்டைக் காப்பாற்ற. எங்களிடம் பில்லில் போட ஒரு பெயரும் போன் நம்பரும் கேட்டார்கள். இந்த ஊரில் வெட்டுகிறவனின் கைக்கும் அவன் பிடிக்கிற மெஷினுக்கும் நடுவே நிற்பது ஒரு கடைக்காரரின் பொறுமை மட்டும்தான். அது ஒரு கடையில் இருந்தது, ரெண்டு கடையில் இல்லை.

தம்பி தேர்ந்தெடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை. ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். கிளம்பும்போது கடைக்காரர் தம்பியின் கையில் மெஷினைக் கொடுக்கவில்லை. "பெரியப்பா முன்னாடி ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணு" என்றார். அவன் நின்ற வாக்கில் தூக்கிப் பிடித்து இழுக்கப் போனான். அப்பா அதட்டினார். "கீய வெய்டா. கால உள்ள வுடு." பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாக மெஷினைப் பற்றிப் பேசவே பேசாதவர்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்து, நான் கையேட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். இந்த முறையும் இங்கிலீஷ்தான். தம்பியை உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினான். அப்பா தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கை படமும் அம்புக்குறியும் இருக்கிற பக்கம் வந்ததும் என் குரல் எப்படியோ ஆகிவிட்டது.

"அத வுடு பாப்பா. அது தெரியும்" என்றார் இருட்டிலிருந்து.

விடவில்லை. அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தேன்.